பதிமூன்றாவது பெடல்

"மிதிக்கிற பெட்டிக்கா இத்தன ஏற்பாடு?"

காலையிலிருந்து மூன்றாவது முறையாகக் கேட்டுவிட்டாள் சைதுன்னிசா. குறையாகக் கேட்கவில்லை. ஐந்து மாதத்துக்குப் பிறகு மாடியிலிருந்து பேச்சுச் சத்தம் இறங்கி வருகிறது. எதையாவது கேட்டுக்கொண்டே இருந்தால்தான் அவளுக்கு அந்தச் சந்தோஷம் நிஜமாகப்பட்டது.

இந்த வாரம்தான் இந்த வீட்டுக்குள் நுழைகிறவர்களுக்காக நாலு வரி. நோன்பு மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, கட்டிங் மாஸ்டர் வராத நாளில், பனியன் கம்பெனி மேனேஜர் மீரா சாகிப் தன் மகன் அஃப்னானை இரண்டு மணி நேரம் கட்டிங் மெஷினில் நிற்கச் சொன்னார். துணியோடு சேர்ந்து பையனின் இடது கையில் இரண்டு விரல்கள் போயின. ஆள்காட்டி விரலும் நடுவிரலும். கிட்டார் கம்பியை அழுத்துகிற விரல்கள்.

அன்றிலிருந்து மூன்று பேரும் ஆளுக்கொரு பழியைச் சுமக்கிறார்கள். கையுறை கேட்டு வாங்காமல் நின்றது தன் அஜாக்கிரதை என்கிறான் அஃப்னான். விடியலுக்கு முன் சஹர் சாப்பாட்டுக்கு எழுப்பித் தூக்கத்தைக் கெடுத்து, நோன்பு வயிற்றோடு அனுப்பிவைத்த தன்னால்தான் எல்லாம் என்று தொழுகைப் பாயில் அழுகிறாள் அம்மாக்காரி சைதுன்னிசா. உண்மை தெரிந்தவர் மூன்றாவது ஆள். மெஷினுக்கென்று வந்த புத்தம்புது ஸ்டீல் கையுறையை, வெளிநாட்டுக்காரர்கள் ஆடிட்டுக்கு வரும்போது பளபளவென்று இருக்கட்டும் என்று அலமாரியில் வைத்துப் பூட்டியவர் மீரா சாகிப்தான். அதை இன்றுவரை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

சரி, மாடிக்குப் போவோம்.

மேலே ஒரு தகர ஷெட். ஒரு காலத்தில் ஜாப் ஒர்க் நடந்த இடம். இப்போது மிச்சமிருப்பது பனியன் செக்கிங் செய்கிற நீள மேசையும், அதன் தலைக்கு மேல் நாலு டியூப்லைட்டும். மேசை மேல் வரிசையாகப் பாலித்தீன் பைகள். ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன சர்க்யூட் போர்டு, ஒரு அலுமினியப் பெட்டி, காலால் மிதிக்கிற சுவிட்ச் ஒன்று, இரண்டு குமிழ், கடுகும் மிளகும் கலந்த மாதிரி பொடிப்பொடிச் சாமான்கள்.

எல்லாம் சேர்ந்தால் ஒரு பெடல். கிட்டாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் தரையில் கிடக்கும். மிதித்தால் சாதுவான கிட்டார் சத்தம் கரகரவென்று உறுமும். சைதுன்னிசாவைக் கேட்டால், காதுக்குள் ஓவர்லாக் மெஷின் ஓட்டுகிற மாதிரி என்பாள். அதன் சர்க்யூட்டை ஒரு வருஷம் உட்கார்ந்து வரைந்தவன் அஃப்னான். சுற்றுவட்டாரக் கிட்டார்காரர்கள் பன்னிரண்டு பேர் ஒரே நாளில் ஒரே மேசையில் கூடி அதை ஆளுக்கொன்று செய்வதாக ஏற்பாடு. விபத்துக்கு முன்னால் கொடுத்த வாக்கு.

கை போனபின் அவன் எல்லோரையும் வேண்டாம் என்றுவிட்டான். அவர்களில் சிவராஜ் மட்டும் சோமனூரிலிருந்து வாராவாரம் வந்து வாசலில் உட்கார்ந்தான். விசைத்தறிக்காரர் வீட்டுப் பையன், அறுந்த இழையை முடிச்சுப் போடாமல் எழுந்திரிக்க மாட்டான். கடைசியில் அஃப்னான் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தான். முதல் சாம்பிளை அவன் ஒற்றை ஆளாகச் செய்வான். ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்ந்து மக்ரிப் பாங்கு சொல்வதற்குள் சத்தம் வந்தால் அடுத்த ஞாயிறு எல்லோரும் கூடலாம். வராவிட்டால் கிட்டாரையும் விற்றுவிடுவான்.

அந்த ஞாயிறு இன்றுதான்.

"பன்னெண்டு பேருக்குப் பதிமூணு பை எதுக்கு?" என்றான் சிவராஜ்.

"எக்ஸ்ட்ரா கட்டிங் இல்லாம எந்த ஆர்டருங்ண்ணா போகுது? ஒண்ணு டேமேஜ் ஆனா என்ன பண்றது?" என்றாள் ஜுவைரியா.

அஃப்னானின் தங்கை, எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். ஒரு டீ-ஷர்ட்டுக்கு லேபிள் எங்கே, தையல் எவ்வளவு என்று பக்கம் பக்கமாக எழுதிப் பழகியவள். நாளைக்கு மாப்பிள்ளை வந்தாலும் முதலில் சாம்பிள் அப்ரூவல் கேட்பாள். பெடலுக்கும் அப்படியே ஒரு ஃபைல் போட்டிருந்தாள். எந்தச் சாமான் எந்த ஓட்டையில், எந்த மணிக்கு எந்த வேலை, மேசையில் யார் எங்கே உட்கார வேண்டும் என்பது வரைக்கும் அதில் இருந்தது.

"லைன்ல புது டெய்லரப் பழைய டெய்லர் பக்கத்துலதான உக்கார வெப்பாங்க? அதே மாதிரிதான். தெரியாதவங்க பக்கத்துல தெரிஞ்சவங்க."

படியில் காலடிச் சத்தம் கேட்டது. டீ டம்ளர்களோடு மீரா சாகிப் வந்து நின்றார். ஐந்து மாதத்தில் அவர் இந்தப் படி ஏறியது இதுதான் முதல் தடவை. மூன்று பேரும் பேச்சை நிறுத்தினார்கள்.

டம்ளர்களை வைத்துவிட்டு அவர் போகவில்லை. பைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"அந்தக் கடைசிப் பை யாருக்குங் கண்ணு?"

"யாருக்கும் இல்லீங்க அத்தா. எக்ஸ்ட்ரா" என்றாள் ஜுவைரியா.

"அப்ப... அத எனக்குப் போடேன்."

அஃப்னான் நிமிர்ந்து பார்த்தான். "உங்களுக்குக் கிட்டாரே புடிக்கத் தெரியாதுங்களே அத்தா."

"மிதிக்கத் தெரியுமில்ல? டெய்லரா இருந்தப்ப எத்தன வருசம் மெஷின் மிதிச்ச காலு இது!"

அஃப்னான் சிரித்துவிட்டான். சிரித்தது அவனுக்கே புதிதாக இருந்தது. சைஸ் ஸ்டிக்கர் ஒன்றை எடுத்து 'அத்தா' என்று எழுதிப் பதிமூன்றாவது பையில் ஒட்டினான். உட்காரும் வரைபடத்தில் தன் பெயருக்கு வலப்பக்கம் அதே பெயரைப் போட்டான். மீரா சாகிப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பதிமூணு பேருக்கும் கண்ணுக் கண்ணாடி வேணுமுங்க அத்தா. ஈயம் பத்தவெச்சு முடிச்சுட்டு மிச்சக் கம்பிய வெட்டறப்ப தெறிச்சுக் கண்ணுல பட்டுரும்" என்றாள் ஜுவைரியா. "ஃபேக்டரில இருக்குதுங்கல்ல?"

"இருக்குது கண்ணு, ஆடிட் அலமாரில" என்றவர் அங்கேயே நின்று ஃபேக்டரி வாட்ச்மேனுக்குப் போன் போட்டார். "மயில்சாமி, ஆடிட் அலமாரில இருக்கற சேஃப்டி சாமானெல்லாம் ஒரு அட்டப்பெட்டில போடு. சாவி சிவராஜ் தம்பிகிட்ட வருது, அதுகிட்டயே குடுத்தனுப்பு."

பதிமூன்று கண்ணாடி என்று மட்டும் சொல்லியிருக்கலாம். மகன் சிரித்த மகிழ்ச்சியில் அந்த அலமாரியில் வேறு என்ன இருக்கிறது என்பதையே அவர் மறந்துபோனார். ஐந்து மாதமாக ஒரு நாள்கூட மறக்காத விஷயம் அது.

---

சிவராஜ் அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து கீழே ஹாலில் வைத்துவிட்டு, பெடலுக்கான மிச்ச அலுமினியப் பெட்டிகளில் ஓட்டை போட சோமனூர் கிளம்பினான். லுஹர் தொழுகை முடிந்து சாப்பாடும் ஆயிற்று. அஃப்னான் மட்டும் சாப்பிட வரவில்லை. மேலே ஒற்றை ஆளாக உட்கார்ந்திருந்தான்.

ஜுவைரியா பெட்டியைப் பிரித்துக் கண்ணாடிகளை எண்ணி எடுத்தாள். அடியில் கனமாக என்னவோ கையில் பட்டது. உறை பிரிக்காத பிளாஸ்டிக் கவர். உள்ளே, மணி மணியான இரும்பு வளையங்களைக் கோத்துப் பின்னிய கையுறை. கத்தி பட்டாலும் அறுக்காது. கவரின் மேல் ஒரு ஸ்டிக்கர்.

'ஆடிட் முடியும் வரை எடுக்கக் கூடாது.' கீழே கையெழுத்தும் தேதியும். அவள் பள்ளிக்கூட ரேங்க் கார்டில் பார்த்து வளர்ந்த கையெழுத்து. தேதி, மார்ச் பன்னிரண்டு.

அண்ணனுக்கு அடிபட்டது பதினான்காம் தேதி.

தேதி பார்த்துக் கணக்குப் போடுவதுதான் அவள் பிழைப்பு. இந்தக் கணக்கைப் போட அவளுக்கு நேரமே ஆகவில்லை. ஆனால் எழுந்திருக்க நெடுநேரம் ஆனது.

மீரா சாகிப் அறையில் கட்டிலில் உட்கார்ந்து, மகன் கொடுத்த செய்முறைத் தாளைப் பாடம் படிக்கிற பையனைப்போல் படித்துக்கொண்டிருந்தார். ஜுவைரியா கதவைச் சாத்திவிட்டு கவரை அவர் மடியில் வைத்தாள்.

அவர் அதைத் தொடவில்லை.

"இதுங்க அத்தா, அன்னைக்கு இருந்துச்சுங்களா?"

"இருந்துச்சு கண்ணு."

"சாவி?"

"என்ற பாக்கெட்லதான் இருந்துச்சு."

அவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. சமையலறையில் அம்மா பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. அடக்கிக்கொண்டாள்.

"அண்ணனுக்குத் தெரியுங்களா?"

அவர் தலையை ஆட்டினார், இல்லையென்று.

"இத எங்கயாச்சும் மறச்சு வெச்சுரட்டுங்களா? இன்னைக்கு ஒரு நாளு மட்டும். அந்த சாம்பிள் முடியட்டும். இப்பப் போய்ச் சொன்னா அண்ணன் எல்லாத்தயும் தூக்கி வீசிருங்க அத்தா." அழுகை வந்துவிட்டது அவளுக்கு. "நாளைக்குச் சொல்லிக்கலாம்."

இந்த 'நாளைக்கு' என்ற வார்த்தை மீரா சாகிப்புக்கு நன்றாகப் பழக்கம். ஆஸ்பத்திரியில் தையல் பிரிக்கட்டும் என்று சொல்லிக்கொண்டார். பெருநாள் கழியட்டும் என்றார். பையன் கொஞ்சம் தேறட்டும் என்றார். இப்போது மகளும் அதே தவணையை அவருக்குக் கேட்டுக்கொண்டு நிற்கிறாள். அதுதான் அவருக்குத் தாங்க முடியாமல் போனது.

"வேண்டாங் கண்ணு. காலைல அவன் பக்கத்துல எனக்கு எடம் போட்டுட்டான். இத அவங்கிட்ட சொல்லாம நான் எப்புடி அங்க போயி உக்கார்றது?"

கையுறையை எடுத்துக்கொண்டு படியேறினார். ஜுவைரியா பின்னாலேயே போய்ப் படியோரம் நின்றுகொண்டாள்.

---

அஃப்னான் கால் சுவிட்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அதன் அடியில் ஒன்பது கால்கள். ஒவ்வொரு காலிலும் ஒரு மெல்லிய வயரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஈயம் உருக்கி ஒட்ட வேண்டும். வலது கையில் ஈயம் உருக்கும் அயர்ன் தயாராக இருந்தது. இடது கையில் கட்டைவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே வயர் நிற்கவே மாட்டேன் என்றது. மூன்று இடத்தில் பிளாஸ்டிக் உருகியிருந்தது. மணிக்கட்டில் புதிதாக ஒரு சூட்டுக்காயம்.

காலையில் ஜுவைரியா பிடித்துக்கொள்ள வந்தபோது விரட்டிவிட்டவன் அவன். ஒற்றை ஆளாகத்தான் செய்வேன் என்றவன். அத்தாவைப் பார்த்ததும் என்ன தோன்றியதோ, ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

"நல்ல வேளைக்கு வந்தீங்க. இந்த வயரச் சித்த புடிங்க அத்தா. உங்க கை ஆடாது."

மீரா சாகிப் கையுறையை மடியில் வைத்து அதன்மேல் துண்டைப் போட்டார். வயரைப் பிடித்தார். அவர் கை ஆடவில்லைதான். ஒரு கால் ஒட்டியது. இரண்டாவது ஒட்டியது. ஈயம் வெள்ளிப் பொட்டு மாதிரி பளிச்சென்று உட்கார்ந்தது.

"பாத்தீங்களா? நம்ம ரெண்டு பேரும் சேந்தா மூணு கை இருக்குதுங்க" என்றான் அஃப்னான்.

வேடிக்கையாகத்தான் சொன்னான். படியோரம் நின்ற ஜுவைரியா வாயைப் பொத்திக்கொண்டாள்.

மூன்றாவது காலுக்கு அவர் வயரை எடுக்கவில்லை. "அயர்ன ஸ்டேண்டுல வெய்யி கண்ணு" என்றார்.

"ஏனுங்க?"

"வெய்யி, சொல்றேன்."

துண்டை விலக்கிக் கையுறையை மேசை மேல் வைத்தார். அவன் ஸ்டிக்கரைப் படித்தான். மறுபடி படித்தான். அவர் எதையும் சுற்றி வளைக்கவில்லை. புதுசு வந்தது, பழையது வளையம் அறுந்து கிடந்தது, ஆடிட் முடிந்து எடுத்துக்கொடுக்கலாம் என்று நான்தான் பூட்டினேன், உன்னை நிற்கச் சொன்னபோதும் ஞாபகம் இருந்தது, இரண்டு மணி நேரம்தானே என்று விட்டுவிட்டேன் என்றார். சொல்லி முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஐந்து மாதம் தூக்கிக்கொண்டு திரிந்தது அவ்வளவுதான்.

"இப்ப மெஷின்ல நிக்கறவங்க என்ன போட்டுக்கறாங்க?" என்றான் அஃப்னான்.

"வேற கிளவுஸ் வாங்கிட்டேன். அடுத்த நாளே."

"எங்க?"

"பல்லடம் ரோட்டுல ஒரு கடையில."

"எத்தன நேரம் ஆச்சுங்க?"

மீரா சாகிப் கையுறையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "போயிட்டு வர... கால் மணி நேரம்."

அஃப்னான் தன் இடது கையைப் பார்த்தான். பிறகு கேட்டான். "அந்த ஆடிட்காரங்க வந்தாங்களா?"

"வரல கண்ணு. தள்ளி வெச்சுட்டாங்க."

அவன் எழுந்து ஜன்னலோரம் போனான். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"அஞ்சு மாசமா என்னய நானே திட்டிட்டுக் கெடந்தேன் அத்தா. கேட்டிருக்கோணும், கிளவுஸ் கேட்டிருக்கோணும்னு. கண்ண மூடுனாலே அதுதான். சொவத்துக்கு அந்தப் பக்கம் நீங்க படுத்திருந்தீங்க. நான் அழுகறது கேட்டுருக்குமே?"

"கேட்டுச்சு."

"சரி, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அன்னைக்கு நான் கேட்டிருந்தா எடுத்துக் குடுத்திருப்பீங்களா?"

குடுத்திருப்பேன் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? பெற்றவர் அதைச் சொல்லிவிடலாம். மகனும் அதை நம்பிவிடுவான். ஆனால் மீண்டும் ஒரு பூட்டு போட அவருக்குத் தெம்பு இல்லை.

"தெரியல சாமி. ஆடிட் முடியட்டும், பாத்து வெட்டுன்னுதான் சொல்லியிருப்பேன்."

அஃப்னான் திரும்பாமலே சொன்னான். "நீங்க கீழ போங்க அத்தா."

---

பிற்பகல் அஸர் பாங்கு சொல்லி முடிந்தது. மீரா சாகிப் ஹாலில் தொழுதுவிட்டுப் பாயிலேயே உட்கார்ந்திருந்தார். மேலே சத்தம் இல்லை.

மேலே நடந்ததை ஜுவைரியா மட்டும் பார்த்தாள். அண்ணன் நூல் வெட்டுகிற டிரிம்மரை எடுத்து பிளாஸ்டிக் கவரை அறுத்தான். கையுறையை இடது கையில் மாட்டினான். இரண்டு விரல்கள் உள்ளே ஆளில்லாமல் தொங்கின. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கழற்றி ஜன்னல் திட்டில் வைத்தான். மறுபடி மேசைக்கு வந்து உட்கார்ந்தான்.

வயரின் நுனியைப் பல்லால் கடித்துக் கொக்கியாக வளைத்தான். கொக்கியை சுவிட்சின் காலில் மாட்டிவிட்டான். இனி யாரும் பிடிக்க வேண்டாம், அது தானாக நிற்கும். ஈயம் வைத்தான். ஒட்டியது. மீதி ஆறு கால்களையும் அப்படியே. கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கக்கூட அவன் நிறுத்தவில்லை. அவனுக்கு உதவப் போகக் கூடாது என்பது மட்டும் அவளுக்குப் புரிந்தது.

மக்ரிபுக்கு அரை மணி இருக்கும்போது கீழே கூரை அதிர்ந்தது.

கரகரவென்று, கனமாக, ஒரே ஒரு சுருதி. விரல் வைத்து அழுத்தாமல் வெறுமனே தட்டிய கம்பி. ஓய்ந்ததும் மறுபடி அதே கம்பி. வேறு சுருதிக்குப் போகவில்லை. ஆனால் சத்தம் வந்துவிட்டது.

மீரா சாகிப் பாயில் நெற்றியை வைத்துக் குழந்தைபோல் அழுதார்.

சைதுன்னிசா கை ஈரத்தைக்கூடத் துடைக்காமல் சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். "ஏனுங்க, கேட்டுச்சுங்களா? ஓவர்லாக் மெஷின் ஓடுதுங்க! அல்லா, என்ற பாவத்த மன்னிச்சுட்டான்! அன்னைக்கு சஹருக்கு எழுப்பாம அவனத் தூங்க உட்டிருந்தா..." சிரித்துக்கொண்டே அழுதாள்.

ஜுவைரியா இறங்கி வந்தாள். கையில் உட்காரும் வரைபடம். அத்தாவிடம் நீட்டினாள்.

அவர் தன் பெயரைத் தேடினார். மகனுக்கு வலப்பக்கம் இருந்த 'அத்தா' அடிக்கப்பட்டிருந்தது. ஒரு நிமிஷம் தாள் மங்கலாகிவிட்டது. பிறகு மேசையின் அந்தக் கோடியில், சிவராஜ் பெயருக்குப் பக்கத்தில், அதே கையெழுத்தில் மறுபடி எழுதியிருப்பதைக் கண்டார்.

"அண்ணன், தான் சொல்லிக் குடுக்க மாட்டேன்னு சொல்லிருச்சுங்க அத்தா" என்றாள் ஜுவைரியா மெல்ல. "சிவராஜண்ணன் சொல்லிக் குடுக்கட்டும்னு..."

"எடம் குடுத்திருக்கானில்ல. போதுங் கண்ணு."

சைதுன்னிசா தாளை எட்டிப் பார்த்தாள். "இதென்ன, காலைல பக்கத்துலதான போட்டிருந்தான்? எதுக்கு உங்களப் போயி அக்கட்டால தள்ளி வெச்சிருக்கான்?"

ஜுவைரியா அத்தாவைப் பார்த்தாள். மேலே அதே கம்பி இன்னொரு முறை அதிர்ந்து அடங்கியது.

மீரா சாகிப் பாயில் தன் பக்கத்தில் இடம் காட்டினார். "இப்படி உக்காரு சைது. உன்கிட்டயும் ஒண்ணு சொல்லோணும்."

கையில் ஈரத்தோடு, முகத்தில் அந்தச் சந்தோஷத்தோடு, அவள் உட்கார்ந்தாள்.